அசையாத நாலு டிகிரி

அவள் விரல்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. ஒரு புகாரைத் திறந்தன, கடைசி வரிவரை நகர்த்தின, அதற்கேற்ற சீட்டை ஒட்டி மூடின, அடுத்ததைத் திறந்தன. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் எதிலும் சேராமல் தூக்கி நின்றது. மடிக்கணினியில் அந்த மூலைப் பொத்தான் கழன்று விழுந்து வெகுநாளாகிறது. தவறி விரல் பட்டால் திரை எங்காவது ஓடிவிடும். சாப்பாட்டு மேசையில் பாதி அவளுக்கு. மறுபாதியில் வீட்டுக்காரரின் டிபன் டப்பாவும் தண்ணீர்ப் பாட்டிலும். அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். முதல் ட்ரிப்புக்குக் கிளம்பும்போதே அவள் உட்கார்ந்துவிடுவாள்.

"இன்னிக்கு எத்தனை பேர் வாசல்ல நின்னு ஒப்பாரி வைக்கிறாங்க?" என்று ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏழெட்டு இருக்கும். அதுல ரெண்டு பேர் திட்டிக்கிட்டே வந்திருக்காங்க."

"நானும்தான் தினம் திட்டு வாங்குறேன். ஆனா எனக்குச் சம்பளம் குடுத்துட்டுத் திட்டுறாங்க. நீ என்னமோ சும்மா வாங்கிக்கிற."

"டப்பா மூடியைச் சரியா போடுங்க. குழம்பு கொட்டும்."

அவள் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் உரசுகிறவள். சுழலும் கல்லில் கண்ணாடியை வைத்து, ஃப்ரேமின் பள்ளத்துக்குள் அது அசையாமல் உட்காரும்வரை விளிம்பைத் தேய்க்கிற வேலை. கொஞ்சம் கூடினால் உள்ளே நுழையாது, கொஞ்சம் குறைந்தால் கழன்று விழும். காலையில் மேசையில் செய்வது வேறு வேலை. குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கிற ஒரு நிரல் இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சின்ன சென்சார், அதிலிருந்து ஒரு வயர், வெளியே ஏதாவது ஒரு பழைய கணினி. உள்ளே சூடு ஏறினால் அலாரம் அடிக்கும். எழுதியவர்கள் யாரும் காசு வாங்குவதில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். விலை கொடுத்துக் கருவி வாங்க முடியாத பூக்கடைகளும் மீன் கிடங்குகளும் சின்ன மருந்துக்கடைகளும் அதை நம்பி இருந்தன.

அவள் அதற்குள் வந்தது நாத்தனாரால். வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்துத் தெரு கிளினிக்கில் நர்ஸ். தடுப்பூசி மருந்து வைக்கும் பெட்டியில் அந்த நிரலை யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். அது காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருந்தது. "நீதான் கம்ப்யூட்டரும் கையுமா இருக்கியே, வந்து பாரு" என்றாள் நாத்தனார். இவள் போய்ப் பார்த்து, புரிந்ததை ஒரு புகாராக எழுதி அனுப்பினாள். பதில் வந்தது. பதிலில் இருந்த ஒரு வார்த்தை புரியாமல் அதைத் தேடிப் படித்தாள். அது இன்னொன்றுக்கு இழுத்துப் போயிற்று. இரண்டு வருஷத்தில் மற்றவர்களின் புகாருக்கு இவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் புகார்கள் வந்து சேருகிற வாசலே இவள் கைக்கு வந்துவிட்டது.

அங்கே யாரும் யாரையும் பார்த்ததில்லை. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் படம்தான் முகம். நிரலைத் தொடங்கியவர் ஆந்தை. வேண்டிய இடத்தில் ஒரு சொல், வேண்டாத இடத்தில் அதுவும் கிடையாது. நிறைய எழுதுகிற, நிறைய சண்டை போடுகிற பையன் குடை. இவளைச் சல்லடை என்று கூப்பிட ஆரம்பித்தவன் அவன்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

சல்லடை வந்த புதிதில் பதில் வராத புகார்கள் மலையாகக் கிடந்தன. இவள் ஒரு கேள்வி கேட்பாள். கேட்டவர் காணாமல் போயிருப்பார். அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கேள்விக்கு ஒரு மாதம் பதில் இல்லையென்றால், ஒரு குட்டி நிரல் அந்தப் புகாரைத் தானே மூடிவிடும். போகிறபோது மரியாதையாக இரண்டு வரி எழுதிவிட்டுப் போகும். அதற்குத் துடைப்பம் என்று பேர். துடைப்பம் வந்த பிறகு வாசல் பளிச்சென்று இருந்தது. ஆந்தையே ஒருமுறை "நன்று" என்று எழுதினார்.

அன்று காலை, துடைப்பம் பெருக்கித் தள்ளியவை திரையின் அடியில் வரிசையாக நின்றன. வழக்கமாக அவற்றை அவள் பார்ப்பதில்லை. மடிக்கணினியை மூடப்போனவளின் கண் ஒன்றில் நின்றது. எழுதியவரின் படம் ஒரு நங்கூரம்.

"திரையில் நாலு டிகிரி காட்டுகிறது. சுத்தம் செய்வதற்காகக் கதவை வெகுநேரம் திறந்தே வைத்திருந்தேன். அப்போதும் நாலு. உள்ளே இருப்பது இன்சுலின்."

கூட ஒரு புகைப்படம். அதற்குக் கீழே அவளுடைய வழக்கமான பதில்: நிறுத்தி, மறுபடி தொடக்கிப் பாருங்கள்; தொல்லை திரும்பினால் எழுதுங்கள். அதற்கும் கீழே ஒன்றுமில்லை. அப்புறம் துடைப்பத்தின் மரியாதை.

கடைக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் அவள் உட்கார்ந்தாள். மூடிய புகார்களில் 'அதே எண்' என்று தேடினாள். வந்தது. 'மாறவில்லை' என்று தேடினாள். இன்னும் வந்தது. ஒரு பூக்கடை, ஒரு ஐஸ்கிரீம் கிடங்கு, ஏதோ ஓர் ஊரின் கால்நடை ஆஸ்பத்திரி. ஒருவர் ஆறு என்று எழுதியிருந்தார், ஒருவர் மூன்று என்று; எண்தான் வேறு. ஒவ்வொன்றின் கீழும் அச்சுக் குத்தியது போல் அவளுடைய அதே வாக்கியம், அதன்பின் அதே மௌனம். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

திட்டுகிறவர்கள் எல்லோரும் திரும்பி வருகிறார்கள். இவர்கள் ஏன் வரவில்லை?

ஐஸ்கிரீம் கிடங்குக்காரரின் முகவரி இருந்தது. ஒரு வரி எழுதிப்போட்டாள். கடையில் முதல் ஜோடி லென்ஸை உரசி முடிப்பதற்குள் கைப்பேசியில் பதில் வந்துவிட்டது. "அதை எப்போதோ கழற்றி எறிந்தாயிற்று. சரக்கெல்லாம் உருகித் தரையில் ஓடியபோதும் அது நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது எதற்குக் கேட்கிறீர்கள்?"

கல்லின் சத்தம் காதில் இருந்தது. கையில் லென்ஸ் இருந்தது. நாத்தனாரின் கிளினிக்கில் அலாரம் அடித்துப் பல நாளாகிறது என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்குக்குப் போனாள். ஊசி போடும் அறை பின்பக்கம். ஒரு குட்டை மேசை, குழந்தையை எடை பார்க்கும் தட்டு, மூலையில் வெள்ளைப் பெட்டி, அதன் தலையில் பழைய கணினி. திரையில் பெரிதாக நாலு.

"வா வா. சாப்பிட்டியா?" என்றாள் நாத்தனார். "என்ன இந்த நேரத்துல? என் தம்பியோட ஏதாவது சண்டையா?"

"அதெல்லாம் இல்ல அண்ணி. பெட்டி எப்படி இருக்கு?"

"தங்கம். சத்தமே இல்ல. முன்னெல்லாம் கைக்குழந்தை மாதிரி வீல் வீல்னு கத்துமே, இப்ப பாரு, சாமியாராயிடுச்சு."

"நம்பர் மாறுதா?"

"எதுக்கு மாறணும்? ரெண்டுக்கும் எட்டுக்கும் நடுவுல இருக்கணும். நாலுல இருக்கு. எப்பப் பார்த்தாலும் நாலு."

அவள் பெட்டியின் கதவைத் திறந்தாள். மருந்துத் தட்டை எடுத்து ஐஸ் பைகள் போட்ட பெட்டியில் வைக்கச் சொன்னாள். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாத்தனார் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை. வெளியே ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. பெட்டிக்குள் வைத்த கண்ணாடித் தெர்மாமீட்டரில் கோடு ஏறிக்கொண்டே போனது; பதினொன்று, பதினைந்து, பதினெட்டு.

திரையில் நாலு.

"ஐயையோ" என்றாள் நாத்தனார் மெதுவாக. "எத்தனை நாளா இப்படி?"

அதுதான் கேள்வி. நிரல் தன் குறிப்பில் நிமிஷத்துக்கு நிமிஷம் நாலு, நாலு, நாலு என்று எழுதிக்கொண்டே போயிருந்தது. இடையில் ஒரு நாள் மின்சாரம் போயிருக்கலாம், ஒரு நாள் கதவு சரியாக மூடாமல் இருந்திருக்கலாம். கெட்டுப்போன மருந்து பார்ப்பதற்கு நல்ல மருந்து போலவேதான் இருக்கும்.

நாத்தனார் குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். சூடு பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும்; ஒருமுறை கறுத்தால் வெளுக்காது. சதுரங்கள் வெளுப்பாகவே இருந்தன. கடைசிக் குப்பியையும் பார்த்துவிட்டு நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்டி ஒழுங்காத்தான் ஓடியிருக்கு. பொழச்சோம்" என்றாள். பிறகு எழுந்து கணினியின் பக்கம் கையை நீட்டினாள். "இரு, ஒரு தடவ அணைச்சுப் போட்டா சரியாயிடும்."

"கை வைக்காதீங்க அண்ணி!"

மணிக்கட்டைப் பிடித்த வேகத்தில் வளையல் நெளிந்தது. நாத்தனார் முறைத்தாள். "நீதானேடி சொல்லிக்கொடுத்த? எதுவானாலும் முதல்ல அணைச்சுப் போடுங்கன்னு. போன மாசம்கூட அப்படித்தான் பண்ணேன். நல்லாயிடுச்சு."

அவள் மணிக்கட்டை விடவில்லை.

நல்லாகிவிட்டது. எல்லோருக்குமே நல்லாகியிருக்கும். அணைத்துப் போட்டதும் சென்சார் விழித்துக்கொள்ளும், எண் அசையும், எழுதியவர் நிம்மதியாகப் போய்விடுவார். எதற்குத் திரும்பி வந்து பதில் எழுத வேண்டும்? தொல்லை போய்விட்டதே. சில வாரம் கழித்துச் சென்சார் மறுபடி தூங்கும்போது யாரும் திரையைச் சந்தேகிப்பதில்லை, ஒருமுறை சரியாகிவிட்டதல்லவா. அவள் சொன்ன பதிலே தடயத்தை அழித்திருந்தது. மீதியைத் துடைப்பம் பெருக்கியது.

முதலாளிக்குப் போன் செய்தாள். "சாயங்காலம் ரெண்டு பேர் கண்ணாடிக்கு வருவாங்கம்மா" என்று இழுத்தார்.

"காலைல கடை திறக்கும்போதே வந்து உரசித் தந்துடுறேன் சார். இன்னிக்கு முடியாது."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இன்னும் தெரியல சார்" என்றாள்.

நாத்தனார் மருந்தைப் பக்கத்து ஆஸ்பத்திரிப் பெட்டிக்கு மாற்றிவிட்டாள். அணைக்காத அந்தக் கணினிக்கு முன்னால் எடைத் தட்டை நகர்த்திவிட்டு இவள் உட்கார்ந்தாள். நோய் உயிரோடு கையில் கிடைத்திருந்தது; அது தூங்கும்போதே அதன் நாடியைப் பார்க்க வேண்டும்.

சென்சார் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தது. அது அடிக்கடி நடப்பதுதான்; வயர் தளர்ந்தாலும் நடக்கும். அப்போது அலாரம் அடித்திருக்க வேண்டும். ஏன் அடிக்கவில்லை என்று வரி வரியாக மேலே போனாள். அங்கே இரண்டு திருத்தங்கள் இருந்தன. முதலாவது ஒரு பழைய ஆள் எழுதியது: சென்சார் ஒரு நொடி வாயை மூடினால் பதறாதே, கடைசியாகச் சொன்ன எண்ணையே கொஞ்ச நேரம் காட்டு, தொடர்ந்து மூடியிருந்தால் எண்ணிக்கொண்டு வா, எண்ணிக்கை மிஞ்சினால் கத்து. நல்ல திருத்தம். அதனால்தான் கிளினிக்கின் பொய்க் கூச்சல் நின்றது. இரண்டாவது குடை எழுதியது: ஓர் எண் வந்துவிட்டால், மௌனத்தை எண்ணிய கணக்கை அழித்துவிடு. அதுவும் நல்ல திருத்தம். இரண்டையும் வேறுவேறு நல்ல கண்கள் சோதித்திருந்தன. ஆனால் முதலாவது காட்டிக்கொண்டிருந்த பழைய எண்ணை, இரண்டாவது புதிதாக வந்த எண் என்று நம்பியது. நம்பி, ஒவ்வொரு முறையும் கணக்கை அழித்தது. சென்சார் செத்தே போனாலும் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாது.

எழுதிய திருத்தம் சின்னதுதான். பழைய எண்ணின்மேல் 'இது பழையது' என்று ஒரு குறி போட்டு, குறியுள்ள எண் கணக்கை அழிக்கக் கூடாது என்று சொன்னாள். இனி மௌனம் நீடித்தால் திரையில் எண்ணே இருக்காது, சத்தம்தான் இருக்கும். ஆனால் இன்னொருவர் சோதிக்காமல் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது அங்கே சட்டம். அவளே கட்டிக் காத்த சட்டம். குடையை அழைத்தாள், முதல்முறையாக எழுத்தில் அல்ல, குரலில்.

"என் பேட்ச்ல தப்பே கிடையாதுக்கா" என்றான் எடுத்த எடுப்பில். குரல் எழுத்தைவிட இளசாக இருந்தது. "சோதனை எல்லாம் ஓட்டித்தான் அனுப்பினேன்."

"உன் பேட்ச் நல்லது. அவர் பேட்ச்சும் நல்லது. மாமியாரும் மருமகளும் தனித்தனியா உத்தமி. ஒரே வீட்ல இருக்காங்க, அதான் பிரச்சினை."

"கதை வேணாம்க்கா. என் கண் முன்னால நடக்கணும்."

"உன் மேசைல சென்சார் இருக்குல்ல? ஓடிட்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கு. அணைக்காத. சும்மா பார்த்துட்டு இரு."

அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு வெகுநேரம் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. பேசியபோது அவன் குரல் வேறாக இருந்தது.

"அக்கா."

"சொல்லு."

"சென்சார் என் கைல இருக்கு. வயர் இல்ல, ஒண்ணும் இல்ல. திரைல இருபத்தேழுன்னு காட்டுது. இன்னும் காட்டுது." மூச்சை இழுத்தான். "இது வெளிய போய் எத்தனை மாசம் ஆச்சு?"

"அதை அப்புறம் எண்ணலாம். என்னோடதைச் சோதி."

அவன் சோதித்தான். நிரல் தொடங்கி முதல் எண் வருவதற்கு முன்பே சென்சார் மௌனமானால் இவளுடைய திருத்தமும் ஏமாறும் என்று ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தான். சண்டையில்லாமல் சொன்னான். அடைத்தார்கள். மறுநாள் காலை ஆந்தை புதிய பதிப்பை வெளியிட்டார். அவர் எழுதியது ஒரே சொல்: "சொல்லுங்கள்." அதாவது, எல்லோருக்கும் சொல்லுங்கள்.

யாருக்குச் சொல்வது? புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். நன்றாக இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்திருப்பவர் எதற்குப் பார்க்கப் போகிறார்? துடைப்பம் மூடிய புகார்களை அவள் ஒவ்வொன்றாகத் திறந்து எழுதினாள். பூக்கடையிலிருந்து பதில் வந்தது. கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. நங்கூரத்திடமிருந்து வரவில்லை. அணைத்துப் போடச் சொன்னாள், அவர் போட்டிருப்பார். அது நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. சென்சார் மறுபடி தூங்குவதற்கு அது தாராளமான காலம். இன்சுலின் குப்பியில் கறுக்கிற சதுரமும் கிடையாது.

மிஞ்சியது அந்தப் புகைப்படம். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பச்சைக் கதவு. கைப்பிடி உடைந்து, அந்த இடத்தில் நைலான் கயிறு. கதவின் ஓரத்தில் பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கர், பழுதுக்கு அழைக்க என்று ஒரு எண். கடைசி இலக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. மூன்றா, எட்டா? லென்ஸின் விளிம்பைப் பார்க்கிற கண்ணால் பார்த்தாள். எட்டு என்று முடிவு செய்து போட்டாள்.

"யாரு?" பின்னால் கம்ப்ரெசர் இரைந்தது.

"நீங்க ஒரு ஃப்ரிட்ஜ் பழுது பார்த்திருக்கீங்க. பச்சைக் கதவு. கைப்பிடிக்குப் பதிலா கயிறு கட்டியிருக்கும்."

"அட, அந்தக் கயிறு கேஸா! மூணு தடவ சொல்லிட்டேன்மா, பிடி மாத்துங்கன்னு. கயிறே கெட்டியா இருக்குன்னுட்டார். மனுஷன் கெட்டியோ கெட்டி. நீங்க அவருக்குச் சொந்தமா?"

"இல்ல. அவர்கிட்ட உடனே பேசணும். மருந்து விஷயம்."

இரைச்சல் நின்றது. அணைத்துவிட்டுப் பேசினார் போலும். "எழுதிக்குங்க" என்றார்.

நங்கூரம் ஒரு மருந்துக்கடைக்காரர்; மூன்றாவது முறைதான் எடுத்தார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டே பேசினார்.

"ஆமாம்மா, நான்தான் எழுதினேன். நீங்க சொன்ன மாதிரி அணைச்சுப் போட்டேன், சரியாயிடுச்சு. பதில் போடணும்னு நினைச்சேன், வேலைல மறந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பு உங்களோடது இல்ல சார். இப்ப திரைல என்ன காட்டுது?"

"நாலு. ரொம்ப நாளா நாலுதான். அதான் சரியாயிடுச்சே."

"சார், ஒரு தெர்மாமீட்டர் எடுத்து உள்ள வச்சுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"இப்பவா? கடைல கூட்டம்..."

"இப்பவே சார்."

போனை எங்கோ வைத்தார். செருப்புச் சத்தம் உள்ளே போனது. கயிறு இழுபட்டுக் கதவு திறக்கிற ஓசை. யாரோ ஒரு பெண் இருமல் மருந்து கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் காதில் போனை அழுத்தி, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே மடிக்கணினியில் திருத்திய பதிப்பு அவர் முகவரியின் முன்னால் தயாராக நின்றது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. போனதை விட மெதுவாக.

"இருபத்தி நாலு" என்றார். கூட்டத்துக்குக் கேட்காத குரலில் பேசினார். "மோட்டார் ஓடவே இல்ல. குப்பியெல்லாம் வெதுவெதுன்னு இருக்கு."

"யாருக்காவது குடுத்துட்டீங்களா?"

"காலைல ரெண்டு பேர் வாங்கிட்டுப் போனாங்க. நேத்து யார் யாருன்னு பார்க்கணும். பையனை சைக்கிள்ல அனுப்புறேன், போடாதீங்கன்னு சொல்ல." அவருக்கு மூச்சு வாங்கியது. "ஒருத்தர் வீடு கொஞ்சம் தூரம்மா."

"அனுப்புங்க சார். முதல்ல அதைப் பண்ணுங்க."

அவர் உள்ளே திரும்பிக் கத்தினார். ஒரு சைக்கிள் ஸ்டாண்டு எடுபட்டது. பிறகு மறுபடி போனுக்கு வந்தார்.

"அந்தப் புதுசு, சரி பண்ணினது. அது இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு."

"குடுங்க."

அவள் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு, மற்ற விரலால் அழுத்தினாள். பதிப்பு போய்ச் சேருவதைக் காட்டும் கோடு திரையில் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி முடிந்தது.

"வந்துடுச்சு" என்றார் அவர்.